எண்பதில் ஆடும் வண்டி

உக்காருங்க, எடமிருக்குது. பைய நான் மடியில வச்சுக்கறேன். மேல வைக்கலாங்களா? வேண்டாங்க, உள்ள வெத்தல இருக்குது, நசுங்கிப் போயிரும். ஜன்னலோரம் மட்டும் எனக்கே இருக்கட்டுங்க. எறங்கற எடத்தப் பாத்துட்டே வரோணும்.

சத்தமுங்களா? இந்தப் பைக்குள்ள இருந்துதான் வருது. ஊறுகாய் பாட்டில்ல மணி. கடுகைவிட ஒரு சுத்துப் பெருசு, கண்ணாடி மணி. கோத்துப் போடறதுக்கில்லீங்க, கார் டயருக்குள்ள போடறது. நம்புங்க. நாலு மாசத்துக்கு முந்தி யாராச்சும் சொல்லியிருந்தா நானே சிரிச்சிருப்பேன். இன்னைக்கு, ஒரு சக்கரத்தோட ஆட்டத்த நிறுத்தறதுக்கு எத்தன வழி இருக்குதுன்னு தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன்.

அந்தக் கண்டக்டர் என்னையப் பாத்துப் பாத்துச் சிரிக்கறாரு பாருங்க. சிரிக்கட்டும். அதுக்கும் காரணம் இருக்குது, அப்புறம் சொல்றேன்.

எம்பேரு சென்னியப்பனுங்க. இதே காங்கயத்துல கொப்பரைக் களம் வச்சிருக்கறேன். கார் இருக்குது. கார் வச்சிருக்கறவன் எதுக்குத் தாராபுரம் பஸ்ல இடிபட்டுட்டு வர்றான்னு நெனைப்பீங்க. வண்டி கெட்டுப் போச்சான்னா, இல்லீங்க. எண்ணெய்ல வுட்ட மாதிரி வழுக்கிட்டுப் போகுது. அதுதாங்க பிரச்சனையே.

எனக்கு ஒரே பொண்ணு, தாரணி. பழனியில குடுத்திருக்குது. இப்ப ஏழு மாசம். வர்ற பொதன்கெழம கட்டுச்சோத்து விருந்து. எங்க பக்கத்துப் பழக்கம் தெரியுமுங்களா? பெத்தவங்க அஞ்சாறு வகை சோறு ஆக்கிக் கட்டிட்டுப் போயி, ஒறம்பரையெல்லாம் கூட்டி விருந்து வச்சு, வளையல் போட்டு, பொண்ணப் பிரசவத்துக்குக் கையோட கூட்டிட்டு வந்துரோணும். எதுல கூட்டிட்டு வர்றது? அப்பன் கார்லதான் கூட்டிட்டு வரோணும். எனக்கு இருந்த ஒரே ஆசை அதுதானுங்க.

அவ வந்து தங்கறதுக்குன்னே மாடியில ஒரு ரூம் கட்டுனேன். காத்து நல்லா வரும். கான்கிரீட் போட்ட அன்னிக்கு, எங்க சந்துல மிக்சர் மெசினு நின்னு, சிமெண்டுத் தண்ணி கணுக்கால் வரைக்கும் ஓடுது. ஆளுகளுக்கு டீ, பலகாரம், மத்தியானச் சோறுன்னு நான் கார்லயே பத்து தடவ அந்தத் தண்ணிக்குள்ள போயிட்டு வந்தேன். சந்தோசமுங்க, கால் தரையில நிக்கல. அதையச் சும்மா சொன்னேன், அந்த ரூமப் பத்தி யாருகிட்டயாச்சும் சொல்லலீன்னா எனக்குத் தூக்கம் வராது.

அதுக்கு அடுத்த வாரம் ஆரம்பிச்சதுங்க ஆட்டம். அறுபது வரைக்கும் ஒண்ணுந் தெரியாது. எழுவது தாண்டுனா ஸ்டீரிங் கையில குறுகுறுங்கும். எண்பதுக்குப் போனா, குளிர் ஜொரம் வந்தவன் கையப் புடிச்ச மாதிரி ஆடும். தொண்ணூறு போனா மறுக்கா அடங்கிரும். அப்பத் தொண்ணூறுலயே போக வேண்டியதுதானேன்னு கேப்பீங்க. மாசமா இருக்கற பொண்ண வச்சுட்டுப் போக முடியுமுங்களா?

இதையச் சம்பந்தியம்மா கண்டுபுடிச்சுட்டாங்க. ஒரு நாள் அவியளப் பழனியில இருந்து ஒட்டன்சத்திரத்துக்கு ஒரு கல்யாணத்துக்குக் கூட்டிட்டுப் போனேன். பின்னால உக்காந்துட்டு, முன்சீட்டக் கெட்டியாப் புடிச்சுட்டு, "ஏனுங்க சம்பந்தி, வண்டி என்ன இப்புடி ஒதறுது? இதுல எப்புடிங்க கெர்ப்பிணிப் பொண்ண ஏத்தறது? நீங்க வெறுங்கைய வீசிட்டு வாங்க, நாங்களே ஒரு நல்ல வண்டி புடிச்சு அனுப்பிச்சு வெக்கறமுங்க"ன்னாங்க. சிரிச்சுட்டேதான் சொன்னாங்க. எம்பொண்ண எங்க ஊட்டுக்குக் கூட்டிட்டு வர்றதுக்கு அவிய வண்டி புடிச்சுக் குடுப்பாங்களாம்! எனக்குச் சுருக்குன்னு ஏறிப் போச்சு. "பத்து நாள்ல வண்டி சரியாயிருமுங்க"ன்னு சொல்லிப் போட்டேன். சொன்னா சொன்னதுதானுங்களே.

ஊட்டுக்கு வந்ததும் எங்க ஊட்டுக்காரி ருக்மணி சொன்னா, "நாச்சிமுத்துத் தம்பிகிட்ட ஒருக்காக் காட்டலாமுங்க." நான், "அந்தப் பேர எடுக்காத"ன்னு சொல்லிட்டு வெளிய வந்துட்டேன்.

நாச்சிமுத்து யாருன்னா, எனக்குச் சகலை. ருக்மணியோட தங்கச்சி சாந்தாவக் கட்டுனவன். தாராபுரம் பைபாஸ்ல, ரவுண்டானா தாண்டுனதும் எடது கைப்பக்கம் டயர் கடை. சுத்துவட்டாரத்துல சக்கரத்தோட ஆட்டத்த நிறுத்தற பேலன்சிங்குன்னா அவனைத்தான் சொல்லுவாங்க. எனக்கு அதுல ஒண்ணும் பொறாமை இல்லீங்க. இருந்தாலும் சொல்றேன், அவன் தொழில் பண்ற லட்சணத்தப் பாத்தீங்கன்னா சிரிப்பீங்க. ஒரு சக்கரத்தக் கழட்டுனா மெசின்ல ஏத்த மாட்டான். மொதல்ல ஒரு தொட்டித் தண்ணி, ஒரு கம்பி பிரஷ்சு. குந்த வச்சு உக்காந்து, ரிம்மோட உள்பக்கமெல்லாம் தேய் தேய்னு தேய்ப்பான். கனத்தச் சரிக்கட்ட ரிம்முல அடிச்சிருக்கற பழைய ஈயக்கட்டிய ஒண்ணு விடாமப் புடுங்கிப் போடுவான். தொடைச்சுக் காய வச்சு, அப்புறந்தான் மெசினு. "ஏண்டா, நீ டயர் கடை வச்சிருக்கறயா, பாத்திரம் வெளக்கப் போறயா"ன்னு நானே எத்தனையோ தடவ கேலி பண்ணியிருக்கறேன். அப்பப் பேச்சுவார்த்தை இருந்துச்சு.

மூணு வருசமாப் பேச்சில்லீங்க. காரணம் இல்லாம இல்ல. அவன் பொண்ணு வெண்ணிலா கல்யாணத்துக்குப் பத்திரிகைய, ஊட்ல ஆளில்லாத நேரமாப் பாத்து வச்சுட்டுப் போயிட்டான். நீங்களே சொல்லுங்க, மூத்த சகலை நான். என்னைய ஒக்கார வச்சு, தட்டுல வெத்தலபாக்குப் பழத்தோட கையில குடுத்து, "அண்ணா, நீங்கதான் முன்ன நின்னு நடத்தோணும்"னு சொல்லோணுமா இல்லையா? தபால்காரன் மாதிரி வச்சுட்டுப் போனா என்ன அர்த்தம்?

செரி, வண்டிக் கதைக்கு வர்றேன். மொதல்ல பெட்ரோல் பங்கு பக்கத்துல பஞ்சர் கடைக்காரர்கிட்டப் போனேன். அவருகிட்ட மெசின் கெடையாது. ஒரு முக்காலி மாதிரி ஸ்டாண்டு, அதுக்கு நடுவுல கொத்தனாரு வச்சிருப்பாரே ரசமட்டம், அது மாதிரி ஒரு கண்ணாடிக் குமிழ். சக்கரத்தப் படுக்க வச்சா, எந்தப் பக்கம் கனமோ அதுக்கு எதிர்ப்பக்கமா அதுக்குள்ள இருக்கற காத்து முட்டை ஒதுங்கும். ஒதுங்குன பக்கம் ஈயக்கட்டிய அடிச்சு, முட்டைய நடுவுக்குக் கொண்டு வந்துட்டா முடிஞ்சுது. எனக்குப் புடிச்சிருந்துச்சுங்க, கண்ணால பாத்துக்கலாமில்ல. ஆனா அந்த மனுசன் நேர்மையானவரு. "அண்ணா, இது நிக்கற சக்கரத்துக்குக் கணக்கு. ஓடறப்ப பக்கவாட்டுல ஒதறுனா இது புடிக்காது. மெசினுக்குத்தான் போகோணும்"னாரு. எண்பதுல ஆடத்தான் செஞ்சுது.

அப்புறம் திருப்பூர் ரோட்டுல புதுசாத் தொறந்தாங்களே, கண்ணாடி போட்ட கடை, அங்க போனேன். குளுகுளுன்னு உக்கார வச்சு, காப்பி குடுத்து, டிவி மாதிரி பொட்டியில காட்டுறாங்க. சக்கரத்த மெசின்ல மாட்டிச் சுத்தவுட்டா, உள்பக்கம் இத்தன கிராம், வெளிப்பக்கம் இத்தன கிராம்னு நம்பர் வருது. ஒட்டற கட்டிய அங்கங்க ஒட்டுனாங்க. மறுக்கா சுத்துனா சைபர், சைபர். அடேங்கப்பா! அன்னிக்கு எண்பதுல வந்தேன், ஒரு ஆட்டம் இல்ல. சம்பந்தியம்மாளுக்கு நானே போன் போட்டுச் சொன்னேன். நாலாம் நாள் மறுக்கா ஆரம்பிச்சிருச்சு. போனேன். மறுக்கா சைபர், சைபர். மூணு நாள். மறுக்கா ஆட்டம். இப்புடி நாலு தடவ. அஞ்சாவது தடவ அந்தக் கடைப் புள்ள, "சார், மெசின்ல சைபர் காட்டுது, உங்களுக்குத்தான் அப்புடித் தோணுது"ன்னுது. தோணுதாமா! கையில ஸ்டீரிங்கப் புடிச்சிருக்கறவன் நானு.

அப்புறம் நானே ஒரு யோசனை பண்ணுனேன். முன்சக்கரம் ரெண்டையும் பின்னால மாத்திப் போடச் சொன்னேன். ஸ்டீரிங்ல ஆட்டம் சுத்தமா நின்னு போச்சு. எனக்குத் தலைகால் புரியல. ருக்மணியப் பின்னால உக்கார வச்சு ஊதியூர் வரைக்கும் ஒரு ஓட்டு ஓட்டுனேன். "எப்புடி?"ன்னேன். "உங்களுக்கு நின்னு போச்சு. இங்க சீட்டு ஆடுதுங்க"ன்னா. எம்பொண்ணு உக்காரப் போற சீட்டு அதுதானே. அப்புடியே திருப்பிட்டு வந்து, முன்ன இருந்த மாதிரியே மாத்திப் போட்டேன். ஆட்டம் எங்கையிலயே இருக்கட்டும்னு.

அன்னிக்கும் அவ சொன்னா, "நாச்சிமுத்துத் தம்பி..."

"ஊட்ல ஆளில்லாதப்ப பத்திரிகை வச்சவங்கிட்டயா?"ன்னேன்.

அவ என்னையப் பாத்தா, அவ்வளவுதான். அவ பாத்ததுக்கும் காரணம் இருக்குதுங்க. ஆளில்லாதப்பன்னு சொன்னேன் பாருங்க, சரியாச் சொல்லப் போனா நான் ஊட்லதான் இருந்தேன். குளிச்சுட்டிருந்தேன். குளிக்கறவன் வெளிய வர்ற வரைக்கும் ஒரு மனுசன் இருக்க மாட்டானா?

இந்தப் பழனி ரோட்டுல இன்னொரு தொந்தரவு என்னன்னா, பொண்ணு ஊட்டுக்குப் போகோணும்னா அவன் கடையத் தாண்டித்தான் போகோணும். வேற வழி சுத்து. மூணு வருசமா அந்த ரவுண்டானா தாண்டுனதும் நான் கண்ணாடிய ஏத்திட்டு, நேராப் பாத்துட்டு, ஒரே மிதி. எண்பது. அவன் கடை தாண்டுனாத்தான் காலை எடுப்பேன். இப்ப வண்டி வேற எண்பதுலதான் ஆடுது. அவன் கடை வாசல்ல போறப்பத்தான் ஸ்டீரிங் கை ரெண்டையும் புடிச்சு உலுக்கும். ருக்மணி ஒரு நாள் சொன்னா, "கொஞ்சம் மெதுவாப் போனா ஆடாதுல்லங்க?" மெதுவாப் போனா அவன் மூஞ்சியப் பாக்க வேண்டியிருக்குமே! அது அவளுக்குப் புரியல.

ஊதியூர் வந்துருச்சுங்களா? இன்னும் இல்லையா. செரி.

அப்பத்தானுங்க இந்த மணி வந்துச்சு. கொப்பரை லோடு ஏத்த வர்ற சங்ககிரி லாரி டிரைவர் ஒருத்தரு சொன்னாரு. "எதுக்கண்ணா கடை கடையா அலையறீங்க? டயருக்குள்ள இந்த மணியக் கொட்டி வுட்டுருங்க. ஓட ஓட, எந்தப் பக்கம் கனம் பத்தலையோ அந்தப் பக்கம் அதுவே போயி உக்காந்துக்கும். வருசத்துக்கும் பேலன்சிங்கே வேண்டாம்"னு. எனக்கு அப்புடியே மனசுல ஒட்டிக்கிச்சு. பாருங்க, யாரு கையும் படாம, யாரையும் போயிக் கெஞ்சாம, சக்கரமே தன்னால சரியாயிக்கும். இதைவிடக் கவுரவமான வழி உண்டுங்களா?

பஞ்சர் கடைக்காரர்கிட்டச் சொல்லி, நாலு டயருக்கும் போட்டேன். மெதுவாப் போனா, மொறத்துல கடுகு பொடைக்கற மாதிரி ஒரு சத்தம். காத்துப் புடிக்கறப்ப வால்வுல ரெண்டு தடவ மணி மாட்டிக்கிச்சு. அது போகட்டும். எண்பதுல ஆட்டம் கொறைஞ்சுது. எனக்குக் கொறைஞ்ச மாதிரித்தான் இருந்துச்சு. ருக்மணி ஒரு டம்ளர்ல முக்கால்வாசி தண்ணி எடுத்துட்டு வந்து முன்சீட்டுல உக்காந்தா. "ஓட்டுங்க"ன்னா. ஊட்டுக்குத் திரும்பி வர்றப்ப டம்ளர்ல பாதிகூட இல்ல. சேலை முந்தானையப் புழிஞ்சு கொடியில போட்டுட்டு உள்ள போயிட்டா. இவ பேசாம இருந்தாத்தானுங்க எனக்குப் பயம்.

அதுக்குள்ள சம்பந்தி ஊட்ல இருந்து போன் வந்திருச்சு. "வண்டிக்குச் சொல்லிட்டமுங்க, ஏசி வண்டி, மேடு பள்ளமே தெரியாதாமா"ன்னு. தாரணியும் போன் பண்ணுனா. "அப்பா, நான் உங்க கார்லதாம்ப்பா வருவேன். ஆடுனா ஆடட்டும், மெதுவா ஓட்டுங்க"ன்னா. ஆடற கார்ல எம்பொண்ண ஏத்தறதா, இல்ல அடுத்தவங்க வண்டியில வர்ற பொண்ண வாசல்ல நின்னு வேடிக்கை பாக்கறதா? ரெண்டு நாள் களத்துல சும்மா நடந்துட்டே இருந்தேன். கொப்பரையப் புரட்டறேன்னு சொல்லிக் காஞ்சதையே புரட்டிட்டிருந்தேன்.

போன வாரம் மாப்பிள்ளை கௌரிசங்கர் வந்தாரு. "மாமா, வண்டிய ஒரு நாள் குடுங்க, ஆயில் மாத்தி, ஒருக்காக் கழுவித் தர்றேன்"னாரு. மாப்பிள்ளை கேட்டு இல்லைன்னு சொல்ல முடியுமுங்களா? காலையில எடுத்துட்டுப் போயிச் சாயங்காலம் கொண்டாந்து வுட்டாரு. அடுத்த நாள் ஓட்டிப் பாக்கறேன்... எழுவது, ஒண்ணுமில்ல. எண்பது, ஒண்ணுமில்ல. ஸ்டீரிங்ல இருந்து கைய எடுத்துப் பாத்தேன், நேராப் போகுது. வண்டிய ஓரங்கட்டிட்டு, எனக்குக் கண்ணுல தண்ணியே வந்துருச்சுங்க. வேப்பமரத்தடியில நின்னுட்டு, கார் பானெட்ட மாட்டைத் தட்டிக் குடுக்கற மாதிரி தட்டிக் குடுத்தேன்.

மணிதான் வேலை செஞ்சிருக்குது, கொஞ்சம் தாமசமா எடம் புடிச்சிருக்குதுன்னு நெனைச்சேன். நெனைச்சதோட வுட்டாப் பரவால்ல. டீக்கடையில பத்துப் பேருக்கு வெளக்கிச் சொன்னேன். சங்ககிரி டிரைவருக்குப் போன் போட்டுப் புகழ்ந்தேன். சம்பந்தியம்மாகிட்ட, "வண்டிய ரத்து பண்ணிருங்க"ன்னேன். மாப்பிள்ளைகிட்ட, "பாத்தீங்களா, மாப்ள, எத்தன வழி தேடி எது சரியான வழின்னு கண்டுபுடிச்சேன்"னேன். அவரு எச்சில முழுங்கிட்டு, "ஆமாங்க மாமா, மணிதான்"னாரு. அப்பவே எனக்கு உறைச்சிருக்கோணும்.

நேத்துத்தானுங்க தெரிஞ்சுது. டயருக்குக் காத்துப் பாக்கறதுக்குக் குந்துனேன். தற்செயலா ரிம்மோட உள்பக்கம் கண்ணு போச்சு. பளபளன்னு இருக்குது. வெளிப்பக்கம் எவன் வேணாக் கழுவுவான். உள்பக்கம், கை நுழையாத எடமெல்லாம், கம்பி பிரஷ்சு ஓடுன கோடு. சோத்தப் போட்டுச் சாப்பிடலாம், அத்தன சுத்தம். உலகத்துல அந்தப் பக்கத்தத் தேய்க்கறவன் ஒருத்தனைத்தான் எனக்குத் தெரியும்.

அப்புடியே எந்திரிச்சு உள்ள போனேன். ருக்மணி சாமி ரூம்ல வெளக்குத் தொடைச்சுட்டிருந்தா. முன்னால போயி நின்னேன். அவ நிமிந்து பாத்துட்டு, சாமி படத்துக்குப் பின்னால கைய வுட்டு இந்தப் பாட்டில எடுத்து வச்சா. நாலு டயர்ல இருந்த மணியும் இதுக்குள்ள. கழுவி, காய வச்சு, ஒரு மணி கீழ வுடாம. நான் ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியறேன் மணி சுத்துது சுத்துதுன்னு, இது ஒரு வாரமா முருகனுக்குப் பின்னால உக்காந்திருக்குது!

"என்னதான் கோளாறாமா?"ன்னு கேட்டேன்.

"சிமெண்டுப் பாலுங்க. முன்சக்கரம் ரெண்டுலயும் உள்பக்கம் அடை மாதிரி காஞ்சு ஒட்டியிருந்துச்சாமா. கொஞ்சங் கொஞ்சமா பேந்து பேந்து விழுந்திருக்குது. அதுதான் மூணு நாளைக்கு ஒருக்காக் கணக்கு மாறியிருக்குது"ன்னா.

அந்தக் கண்ணாடிக் கடைக் கம்ப்யூட்டர் மேல தப்பில்லீங்க. அது அழுக்கையும் சேத்து எடை போட்டுருக்குது. நான் எம்பொண்ணுக்கு ரூம் கட்டுன சந்தோசத்துல, நானே ஓட்டிக் கொண்டாந்து ஒட்டுன அழுக்கு. ஒரு தொட்டித் தண்ணிக்கும் ஒரு பிரஷ்சுக்கும் நாலு மாசம் அலைஞ்சிருக்கறேன்.

அவனுக்கு எப்புடித் தெரிஞ்சுதுங்கறீங்க? கடை வாசல்ல நான் எண்பதுல போறப்பப் பாத்திருக்கறான். மாசக்கணக்காப் பாத்திருக்கறான். "அக்கா, அண்ணன் வண்டி முன்சக்கரம் ஆடுது, அந்த வெசையில போக வேண்டாம்னு சொல்லுங்க"ன்னு ருக்மணிக்குப் போன் பண்ணிட்டே இருந்திருக்கறான். அவதான் மாப்பிள்ளைகிட்டச் சொல்லி, ஆயில் மாத்தற சாக்குல வண்டிய அவன் கடைக்கு அனுப்பியிருக்கறா. நான் அவன் மூஞ்சியப் பாக்கக் கூடாதுன்னு பறந்திருக்கறேன், அவன் எஞ்சக்கரத்தப் பாத்துட்டு நின்னிருக்கறான்.

அதுகூடப் பரவால்லீங்க. மணிய பாட்டில்ல போட்டுக் குடுத்துட்டு மாப்பிள்ளைகிட்ட என்ன சொல்லியிருக்கறான் தெரியுங்களா? "அண்ணன்கிட்டச் சொல்ல வேண்டாமுங்க. மணிதான் வேலை செஞ்சுதுன்னே இருக்கட்டும். அவருக்குச் சந்தோசமா இருக்கும்." அந்த வார்த்தைதாங்க நேத்துல இருந்து என்னைய ஒரு எடத்துல உக்கார வுட மாட்டேங்குது. திட்டியிருந்தா நானும் நாலு திட்டியிருப்பேன்.

இந்தா, ஊதியூர் மலை. இன்னும் அரை மணி நேரம்கூட இல்ல.

உங்ககிட்டச் சொல்றதுக்கு என்னங்க. அன்னிக்கு அவன் பத்திரிகை வைக்க வந்தப்ப நான் குளிச்சுட்டிருந்தேன்னு சொன்னனில்ல. குளிச்சு முடிச்சுட்டேனுங்க. அவன் பேச்சுக் கொரல் கேட்டுச்சு. எனக்கு முந்தி எங்க மச்சான் ஊட்ல பத்திரிகை வச்சுட்டானாமான்னு ரெண்டு நாளா எனக்குக் கோவம். இன்னிக்கு ஆள் இல்லைன்னு போகட்டும், ரெண்டாவது தடவ வரட்டும், மூத்தவனுக்கு அதுதான் மரியாதைன்னு, பைப்பத் தொறந்து வுட்டுட்டு, பக்கெட்டக் கவுத்துப் போட்டு அது மேல உக்காந்திருந்தேன். நாப்பது நிமிசம். அவனும் நாப்பது நிமிசம் வெளிய உக்காந்திருந்தான். அப்புறம் சாந்தா, "இன்னும் பன்னெண்டு ஊடு இருக்குதுங்க"ன்னா. அவன் பாத்ரூம் கதவுக்கிட்ட வந்து, "அண்ணா, தட்டுல வச்சிருக்கறனுங்க, நீங்கதான் முன்ன நிக்கோணும்"னு சொல்லிட்டுப் போனான். சொன்னானுங்க. தண்ணிச் சத்தத்துல எனக்குக் கேக்கலைன்னு மூணு வருசமாச் சொல்லிட்டிருக்கறேன்.

வெண்ணிலா கல்யாணத்துக்கு நான் போகல. ருக்மணி மட்டும் போயிட்டு வந்தா. அந்தப் புள்ள, "பெரியப்பா வருவாரு"ன்னு சொல்லி, எனக்குன்னு எடுத்த வேட்டி துண்டச் சாயங்காலம் வரைக்கும் மடியிலயே வச்சிருந்துச்சாமா. சின்னதுல எந்தோள்ல உக்காந்து தேர் பாத்த புள்ள. தப்புப் பண்ணிட்டேங்க. அவங்கிட்டச் சொல்ல மாட்டேன், உங்ககிட்டச் சொல்றேன். தப்புத்தான்.

இப்ப அந்தக் கண்டக்டர் எதுக்குச் சிரிக்கறாருன்னு சொல்லட்டுங்களா? காலையில இதே பஸ்ல, இதே பையோட ஏறுனேன். தாரணி விருந்துக்குப் பத்திரிகை வைக்கலாம்னு. பைபாஸ் ஸ்டாப்புல நிறுத்திட்டு, "எறங்குங்கண்ணா"ன்னாரு. ஜன்னல்ல பாக்கறேன், அவன் தொட்டிகிட்டக் குந்திட்டு ஒரு சக்கரத்தத் தேய்ச்சுட்டிருக்கறான். தலை பூரா நரைச்சுப் போச்சு. மூணு வருசத்துல ஒரு மனுசன் இத்தன நரைப்பானான்னு பாத்துட்டே இருந்தேன். எந்திரிக்க முடியலீங்க. "ஸ்டாண்டுலயே எறங்கிக்கறேன்"னேன். ஸ்டாண்டுலயும் எறங்கல. அதே பஸ்ல, அதே சீட்டுல, டிக்கெட் எடுத்துக் காங்கயம் வந்தேன். அங்கயும் எறங்கல. ஊட்டுக்குப் போனா ருக்மணி கேப்பாளே. மறுக்கா டிக்கெட். அப்பத்தான் நீங்க ஏறுனீங்க.

கார்ல போக வேண்டியதுதானேன்னா, போலாங்க. போனா, அவன் கண்ணு மொதல்ல என்னையப் பாக்காது, சக்கரத்தத்தான் பாக்கும். அவன் பாக்கறத நான் பாப்பேன். அதுக்கப்புறம் எந்த மூஞ்சிய வச்சுட்டுத் தட்ட நீட்டறது? நான் ஒண்ணும் மன்னிப்புக் கேக்கப் போகலீங்க. அதை நல்லாத் தெரிஞ்சுக்குங்க. பத்திரிகை வைக்கத்தான் போறேன். மூத்தவன் நானு, நேர்ல போயி வைக்கறேன், அவ்வளவுதான். பொதன்கெழம தாரணிக்கு மொத வளையல சாந்தாதான் போடோணும், சித்தப்பன் அவன் முன்ன நிக்கோணும். அதையச் சொல்லிட்டு, இந்த பாட்டில அவன் மேசையில வச்சேன்னா, அவனுக்கே புரிஞ்சிரும். புரியுமில்லீங்க?

என்னையப் பாத்துட்டு அவன் உள்ள போயிட்டான்னா என்ன பண்றது? கடைக்குப் பின்னாலயே ஊடு. பாத்ரூம்ல இருக்கறான்னு சாந்தா வந்து சொன்னாலும் சொல்லுவா. சொல்லட்டும். அங்க ஒரு பழைய டயர் அடுக்கி வச்சிருப்பான், அது மேல உக்காந்துக்கறேன். நாப்பது நிமிசம் இல்லீங்க, பொழுது போற வரைக்கும் உக்காந்திருப்பேன்.

ரவுண்டானா வந்துருச்சு. கொஞ்சம் இந்தப் பைய விரிச்சுப் புடிங்க, தட்டு சரியா இருக்குதான்னு பாத்துக்கறேன். பத்திரிகை இருக்குது. பழம் இருக்குது. அட... வெத்தல வாடிப் போச்சே. காலையில இருந்து போகவும் வரவும் சுத்துனா வாடாம என்ன பண்ணும்? வாடுன வெத்தலைய வச்சு எப்புடிங்க அழைக்கறது? பேசாம ஸ்டாண்டுக்கே போயி, புதுசா ஒரு கவுளி வாங்கிட்டு...

இல்லீங்க. விசில் குடுக்கச் சொல்லுங்க கண்டக்டர, எறங்கோணும். வெத்தல போனாப் போகுது, அங்க தொட்டி நெறையாத் தண்ணி இருக்குமில்ல, நனைச்சு வச்சாத் தெளிஞ்சுக்கும். எப்புடியும் அவன் கடையில எதையும் கழுவாம எடுத்துக்க மாட்டான். கொஞ்சம் காலை ஒதுக்குங்க, நான் எறங்கிக்கறேன்.